நெடுந்தீவுக்குப் போய் அன்றே திரும்பலாமா?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்து நல்லூரில் தங்குகிறோம். நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பிள்ளைகள் இருவர்.

பதில்: இரண்டு தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில்தான் படகு ஏற வேண்டும். அதனால்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. விட்டுவிடுங்கள். நயினாதீவு கால் மணி, இருபது நிமிடத்தில் வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் இருக்க வேண்டும்.

நெடுந்தீவுப் பயணத்தைத் திரும்பி வரும் படகிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். படகு நேரம் மாறக்கூடியது, முதல்நாளே விசாரித்து வையுங்கள். தீவில் இறங்கும்போது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை வழியாகக் குறிகட்டுவான் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா வேறு. கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும். விடிய 6 மணிக்கு முன்பே வெளிக்கிடுங்கள்.

அடுத்தது காற்று. ஓகஸ்டில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும், நெடுந்தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனி என்றால் நான் யோசிக்காமல் போகச் சொல்லியிருப்பேன். பல படகுகளில் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்து, குனிந்து, கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டும். அங்கே டீசல் வாடை. அலை தூக்கிப் போடும்போது முழங்காலுக்கு அது சரிவராது. பிள்ளைகளுக்குத் தேசிக்காய் ஒன்று கையில் கொடுங்கள், காலையில் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். உயிர்காப்பு அங்கி இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுப் போடுங்கள்.

தீவில் துறையடியிலேயே ஓட்டோ நிற்கும். எந்தெந்த இடம், எவ்வளவு என்று ஏறமுன் பேசி முடியுங்கள். பெருக்கமரத்தை, அதாவது பாவோபாப் மரத்தை, தவறவிடாதீர்கள்; அடிமரப் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து நிற்கலாம். வளவுக்கு வளவு முருகைக்கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கிய மதில்கள் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பழைய பவளத்தின் கோடுகள் அப்படியே தெரியும். எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம் வெளியில் மேயும் குதிரைகள், இடிந்த ஒல்லாந்தர் கோட்டை. இராட்சத மனிதனின் காலடி என்று காட்டும் பாறைக் குழியை நேரம் மிஞ்சினால் பாருங்கள். நிழல் குறைவு, நல்ல தண்ணீரும் அருமை. தண்ணீரும் சோற்றுப் பார்சலும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கள்.

அம்மாவை அன்று வீட்டில் விடுங்கள். இன்னொரு நாள் காலையில் நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் கூட்டிப் போங்கள். அங்கே கடல் கொஞ்சம்தான், துறையில் இறங்கினால் கோயிலும் பக்கத்திலேயே.