தூரத்தில் நடக்கும் ஒரு போரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது ஒருவரை என்ன செய்யும்? பார்ப்பதை நிறுத்திவிடலாமா?

உக்ரைன் போரை வைத்துச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 24 முதல் அதைப் பற்றி எதையாவது படிக்காமல் நான் தூங்கப் போன இரவுகள் குறைவு. நான் ராணுவ நிபுணன் இல்லை. துணைமின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் திருச்சி. இந்த வேலை விவரம் ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

முதலில் பார்க்க ஆரம்பித்தது சொந்தக் காரணத்தால். அக்கா மகள் கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ரஷ்ய எல்லையிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ஊர். குண்டு விழத் தொடங்கியதும் மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் போய்விட்டார்கள். "மாமா, கீழே சிக்னல் இல்ல, மேலே வந்தா பேசுறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்பாள். மேலே வந்தாளா இல்லையா என்று தெரியாமல் மணிக்கணக்கில் போகும். மார்ச் 1 அன்று அந்த நகரத்தின் சுதந்திரச் சதுக்கத்தில் இருந்த மாநில நிர்வாகக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அதே நாளில், சாப்பாட்டுச் சாமான் வாங்க வெளியே போன கர்நாடக மாணவர் ஒருவர் இறந்துபோனார். மறுநாள் இந்தியத் தூதரகம், எப்படியாவது மாலை ஆறு மணிக்குள் கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது போங்கள் என்றது. 11 கிலோமீட்டரில் இருக்கும் பிசோச்சின் என்ற ஊருக்குப் பிள்ளைகள் குளிரில் நடந்தார்கள். அப்புறம் பேருந்து, போலந்து எல்லை, விமானம். ஆபரேஷன் கங்கா என்ற அரசு மீட்புப் பணியில் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள், அதில் இவளும் ஒருத்தி. படிப்பை வேறு நாட்டில் முடித்தாள். உக்ரைன் செய்தியே அவள் பார்ப்பதில்லை. நான் கேட்டதும் இல்லை.

ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் வந்து சேர்ந்த பிறகும் தினமும் வரைபடத்தைத் திறந்தேன். டீப்ஸ்டேட் என்று உக்ரைன்காரர்கள் நடத்தும் ஒரு வரைபடம் உண்டு. சிவப்பு என்றால் ரஷ்யா பிடித்தது, சாம்பல் என்றால் யார் கையில் என்று நிச்சயமில்லாதது. வாஷிங்டனில் இருக்கும் போர் ஆய்வு நிறுவனம் ஒன்று இரவுதோறும் நீண்ட அறிக்கை போடும். 2022 செப்டம்பரில் பலக்லியா, இசியும், குபியான்ஸ்க் என்று மளமளவென்று ஊர்கள் மீட்கப்பட்டபோது மணிக்கு ஒருமுறை பார்த்தேன், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல. நவம்பர் 11ல் கெர்சோன். அதற்குப் பிறகு வரைபடம் ஏறக்குறைய நின்றுவிட்டது. 2024ல் ரஷ்யா ஒரு வருடம் முழுக்கச் சண்டை போட்டுப் பிடித்தது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் திருச்சி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு. உக்ரைனின் பரப்பு ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர். போனில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அந்த வித்தியாசமே தெரியும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் பாக்முத், அவ்தீவ்கா மாதிரி எத்தனை ஊர் இடிந்து மண்ணாகப் போயிருக்கிறது என்பதை வரைபடம் காட்டாது.

தமிழ் யூடியூபையும் கொஞ்ச நாள் பார்த்தேன். "புதின் வைத்த செக்", "கதறும் நேட்டோ", பின்னணியில் டமால் டுமீல் இசை. எதிர்த் தரப்பிலும் இதே கதைதான், "ரஷ்யா இன்னும் ஒரு மாதம்தான்" என்று 2022ல் சொன்னவர்கள் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக நான் பார்க்க ஆரம்பித்தது கரண்ட்.

2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா மின்கட்டமைப்பைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கியது. "மின் உள்கட்டமைப்பு மீது தாக்குதல்" என்று செய்தியில் ஒரு வரிதான் வரும். என் மாதிரி ஆளுக்கு அந்த ஒரு வரியில் ஒரு துணைமின் நிலைய வளாகம் முழுவதும் தெரியும். ஒரு பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் பல டன் எண்ணெய் இருக்கும். நேரடியாகக் குண்டு விழ வேண்டியதில்லை. சிதறிய ஒரு இரும்புத் துண்டு ரேடியேட்டரைத் துளைத்தால் போதும், எண்ணெய் ஒழுகும். புஷிங் (கம்பி உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் காப்பு உறை) பீங்கான், கல் பட்டாலே உடையும். தீப்பிடித்தால் அணைப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றத்தான் ஓடுவோம். நாங்கள் ஒரு 100 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை ட்ரெய்லரில் ஏற்றி, பாலத்துக்குப் பாலம் அனுமதி வாங்கி, ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்கே இருப்பது 750 கிலோவோல்ட், 330 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர்கள். 330 என்பது சோவியத் காலத்து அளவு, ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் கிடையாது, அதனால் கடன் கொடுக்கக்கூட ஆள் குறைவு. புதிதாகச் செய்யக் கொடுத்தால் வருடக்கணக்கு. உக்ரைனிலேயே பெரிய டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலை உண்டு, அது இருப்பது சண்டை முனைக்குப் பக்கத்து ஊரான ஜபோரிஜியாவில்!

இன்னொன்று, எங்கள் துறை ஆட்களிடம் சொன்னால் வாய் பிளப்பார்கள். சோவியத் காலம் முதல் உக்ரைனின் கிரிட் (நாடு முழுக்க மின்சாரத்தைக் கொண்டுபோகும் இணைப்பு வலை) ரஷ்யா, பெலாரஸ் கிரிட்டோடு இணைந்துதான் ஓடியது. அதைத் துண்டித்துத் தனியாக ஓட்ட முடிகிறதா என்று மூன்று நாள் சோதனை செய்ய வெகு முன்பே நாள் குறித்திருந்தார்கள். துண்டித்தது 2022 பிப்ரவரி 24 அதிகாலை. சில மணி நேரத்தில் படையெடுப்பு. அதற்கப்புறம் திரும்ப இணைக்கவே இல்லை. ஒரு நாட்டு கிரிட் போருக்கு நடுவில் தன்னந்தனியாக 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் குலையாமல் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓடியது. மார்ச் 16ல் ஐரோப்பிய கிரிட்டோடு சேர்த்தார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் யார் யாரோ, அவர்கள் முகம் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அதே வருடம் நவம்பர் 23ல் அடித்த அடியில் நாட்டின் அணுமின் நிலையங்கள் எல்லாமே கிரிட்டிலிருந்து கழன்றன. நம் நாட்டில் 2012 ஜூலையில் ஒரு குண்டும் விழாமலேயே வட இந்தியா முழுக்க கிரிட் சரிந்தது நினைவிருக்கும். அதை எழுப்புவதே எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்கள், ஏவுகணைக்கு நடுவில் ஒரு நாளுக்குள் அணு உலைகளைத் திரும்ப இணைக்க ஆரம்பித்தவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

2024 வசந்த காலத்தில் அடித்தவை இன்னும் மோசம். மார்ச் 22ல் கார்கிவ் நகரமே இருண்டது. ஏப்ரல் 11ல் கீவ் பக்கத்தில் திரிபில்ஸ்கா அனல் மின்நிலையம் எரிந்தது. 11 ஏவுகணை வந்தது, ஏழை வீழ்த்தினோம், மீதி நான்கைத் தடுக்க எங்களிடம் ஏவுகணை இல்லை என்கிற பொருளில் ஜெலென்ஸ்கி ஒரு பேட்டியில் சொன்னார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உதவி மசோதா மாதக்கணக்கில் கிடந்த நேரம் அது. அந்தச் சில மாதங்களில் போன உற்பத்தித் திறன் சுமார் 9,000 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவை அதே கோடையில் 20,000ஐத் தாண்டியது, அதை வைத்துப் பாருங்கள். லித்துவேனியா, வில்னியஸில் சும்மா கிடந்த ஒரு அனல் மின்நிலையத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி அனுப்பியது. பழைய இரும்பு என்று நாம் ஏலம் விடுவது அங்கே தங்கம்.

வேலை செய்கிற ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை அடித்து, பழுது பார்க்கவும் தீயணைக்கவும் ஆள் வந்ததும் அதே இடத்தில் மறுபடி அடிப்பது பலமுறை நடந்திருக்கிறது. இறந்த மின்துறை ஊழியர்கள் 100 பேருக்கும் மேல். நாங்கள் லைனில் ஏறும்முன் ஷட் டவுன் வாங்குவோம், எர்த் போடுவோம், கையெழுத்து வாங்குவோம். அத்தனையும் உள்ளே இருக்கிற மின்சாரத்துக்குப் பயந்து. மேலேயிருந்து வருவதற்கு எந்தப் பெர்மிட்டும் கிடையாது.

சரி, இதெல்லாம் என்னை என்ன செய்தது? வீட்டம்மா சொன்னதைச் சொல்லலாம்: "அங்க கரண்ட் போனா இங்க உங்க முகம் போகுது." உண்மைதான். காலை ஐந்தரைக்கு எழுந்து டெலிகிராம் திறப்பேன். அங்கே கோடையில் அப்போது மணி மூன்று, ட்ரோன் வருகிற நேரம். கார்கிவ் மேயர் தெரெகோவ் எந்த வட்டாரத்தில் வெடித்தது என்று ஒன்றிரண்டு வரி போடுவார். எல்லை அவ்வளவு பக்கம் என்பதால் சில சமயம் சைரனுக்கு முன்னாலேயே வெடித்துவிடும். அந்த ஊரில் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பறை கட்டி 2023 செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2024 மே மாதம் தரைக்கு அடியில் முழுப் பள்ளிக்கூடமே திறந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி அங்கிருந்த பெரிய அச்சகத்தில் ஏவுகணை விழுந்து ஏழு ஊழியர்கள் இறந்தார்கள், அச்சடித்து வைத்த புத்தகங்கள் எரிந்தன. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை கூட்டம் இருந்த பெரிய கடையில் வான்குண்டு. இந்த மூன்றும் ஒரே மாதத்துச் செய்தி. எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு அழுவது என்ற வரிசையே குழம்பிவிட்டது.

உடனே வரும் கேள்வி தெரியும்: வன்னிக்கு இப்படி விழித்திருந்தீர்களா? இருந்தேன். ஆனால் பார்க்க எதுவும் இல்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. உள்ளிட்ட தொண்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள், பத்திரிகையாளர்களையும் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. 2009ல் நமக்குக் கிடைத்தது சாட்டிலைட் போனில் வந்த சில குரல்களும் கலங்கிய படங்களும்தான். அவையும் பொய் என்று மறுக்கப்பட்டன. உக்ரைனில் ஒவ்வொரு குண்டுக்கும் தேதி, நேரம், வீடியோ இருக்கிறது. இருந்தும் போர் நிற்கவில்லை. "உலகத்துக்குத் தெரிந்திருந்தால் நின்றிருக்கும்" என்று 2009ல் நாம் பேசிய பேச்சை இப்போது என்னால் பேச முடிவதில்லை. இதுதான் என்னிடம் ஏற்பட்ட பெரிய மாற்றம்.

ரஷ்யப் பக்கம் பேசும் நண்பர்கள் நிறைய. சோவியத் பத்திரிகையின் வழவழ தாளில் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்ட தலைமுறை நாங்கள், அந்தப் பாசம் சீக்கிரம் போகாது. ரஷ்ய எல்லை நகரமான பெல்கோரோதிலும் கரண்ட் போகிறதே என்பார்கள். போகிறதுதான், உக்ரைனும் திருப்பி அடிக்கிறது, அங்கே இருட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு குடும்பம்தான். அதற்காக யார் யாருடைய நாட்டுக்குள் படையோடு நுழைந்தது என்பது மாறாது. தூரம் என்பதும் முழு உண்மை இல்லை. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை, 2023ல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. என் ஸ்கூட்டரும் அதில்தான் ஓடியது.

நிறுத்திவிடலாமா என்றால், வீடியோக்களை நிறுத்திவிடுங்கள். குறிப்பாக ட்ரோன் ஒரு ஆளைத் துரத்தும் வீடியோக்கள். பின்னால் இசை சேர்த்துப் போடுகிறார்கள், இரண்டு தரப்பும். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. "யார் ஜெயிப்பார்கள்" விவாதங்களையும் விடலாம். மற்றபடி உங்களுக்குக் கைவந்த விஷயம் எதுவோ அதை மட்டும் அந்தப் போரில் தேடிப் பாருங்கள். நர்ஸ் என்றால் மருத்துவமனை, விவசாயி என்றால் கண்ணிவெடி கிடக்கும் வயல், ரயில்வேக்காரர் என்றால் அங்கே ரயில் எப்படி நேரத்துக்கு ஓடுகிறது என்பது. மின்துறை ஆட்கள் உக்ரெனெர்கோ (அந்த நாட்டு கிரிட்டை நடத்தும் நிறுவனம்) என்று தேடுங்கள், மின்வெட்டு அட்டவணை முதல் பழுது நிலவரம் வரை அதில் வரும். மொழி உக்ரைனியன், போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். "ஆட்டோடிரான்ஸ்பார்மர்" மட்டும் ஏதேதோ ஆகும், கண்டுகொள்ளாதீர்கள்.