அரங்கம் கட்ட வரிப்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நகரத்து பேஸ்பால் அணி, புதிய அரங்கத்துக்கு வரிப்பணம் தராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்கிறது. அலுவலகத்தில் பெரும்பாலானோர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். கொடுப்பது சரியா? குடியுரிமை இல்லாத நான் இதில் கருத்துச் சொல்லலாமா?

பதில்:

கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் கலிஃபோர்னியாவில் ஓக்லண்டை ஒட்டியுள்ள சான் லியாண்ட்ரோவில் வசிக்கிறேன். 2019இல் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி வளைகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020இல் ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தது. 2024ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், 1968 முதல் ஓக்லண்டில் ஆடிவந்த அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியும் கிளம்பிவிட்டது. உங்கள் ஊரில் இப்போது நடக்கும் பேச்சு எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டோம் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என்னை விளையாட்டின் அருமை தெரியாதவன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். என் மகன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். 1972, 1973, 1974 என்று அத்லெடிக்ஸ் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகத் தொடரை வென்றபோது இளைஞராக இருந்தவர் அவர். பந்துக்குப் பந்து நடப்பதைப் பென்சிலால் அட்டையில் குறித்துவைக்க என் மகனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பார்ட் ரயிலில் இறங்கி, நடைமேம்பாலம் வழியாக அத்லெடிக்ஸும் ரெய்டர்ஸும் ஆடிவந்த கொலிசியம் அரங்கத்துக்குப் போய், வெளிக்களத்துப் பக்கம் முரசு முழங்கும் கூட்டத்துக்கு அருகில் மலிவான இருக்கையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதுதான் எங்கள் கோடைக்காலமாக இருந்தது. இந்த நாட்டில் எங்களை ஊர்க்காரர்களாக உணரவைத்த இடங்களில் அந்த அரங்கமும் ஒன்று. அணி போனபோது எனக்கும் வலித்தது. அவருக்கோ சொல்லி மாளாத துக்கம்.

அந்தத் துக்கத்தில் அவர் சொன்னதைத்தான் உங்கள் அலுவலக நண்பர்களும் சொல்கிறார்கள்: "ஊர் கஞ்சத்தனம் செய்தது, அதனால் அணி போய்விட்டது." அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றாலும் இதை மட்டும் நான் ஒப்புக்கொண்டதில்லை, ஏனென்றால் ஓக்லண்டு ஒருமுறை கேட்டதைக் கொடுத்துப் பார்த்த ஊர்.

1982இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்ட ரெய்டர்ஸ் அணியை 1995இல் திரும்ப அழைத்துவர, ஓக்லண்டு நகரமும் அது அடங்கிய மாவட்டமான அலமேடா கவுண்டியும் சேர்ந்து ஏறத்தாழ 20 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டு கொலிசியத்தைப் புதுப்பித்தன. ரசிகர்கள் இருக்கை உரிமத்தை, அதாவது குறிப்பிட்ட இருக்கைக்குப் பருவச் சீட்டு வாங்கும் உரிமையை, முன்கூட்டியே விலைக்கு வாங்குவார்கள், அந்த வரவிலேயே கடன் அடைந்துவிடும், வரி செலுத்துவோர் கையைவிட்டு ஒரு காசும் கொடுக்க வேண்டியிராது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட கணக்கு. உரிமங்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கடனோ நகரத்தின் தலையிலும் கவுண்டியின் தலையிலும் விழுந்தது. நான் ஓக்லண்டுவாசி இல்லை, ஆனால் அலமேடா கவுண்டிக்காரன். அந்தக் கடனின் ஒரு பங்கு என்னைப் போன்றவர்கள் செலுத்திய வரியிலிருந்தும் போயிருக்கிறது.

அந்தப் பணத்தில் எழுந்த மாபெரும் பார்வையாளர் அடுக்கு, அதுவரை அரங்கத்திலிருந்து தெரிந்துகொண்டிருந்த ஓக்லண்டு மலைத்தொடரை மறைத்துவிட்டது. பேஸ்பாலுக்கு அவ்வளவு இருக்கைகள் தேவைப்படாததால், 2006 முதல் மேலடுக்கைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். ரெய்டர்ஸ் 2020இல் மறுபடியும் போனபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. தவணை 2025 வரை நீண்டது. வாடகைக்கு வந்தவர் கேட்டார் என்று வீட்டுக்காரர் கடன் வாங்கி மாடி கட்ட, குடிவந்தவர் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார், வட்டியை மட்டும் வீட்டுக்காரர் கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் நடந்த கதை. ஓக்லண்டு நகரம் அமெரிக்கக் கால்பந்து லீக் மீதும் அதன் அணிகள் மீதும் வழக்குத் தொடுத்தும் பயன் கிடைக்கவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அத்லெடிக்ஸ் துறைமுகத்தை ஒட்டி ஹோவர்ட் டெர்மினலில் புதிய அரங்கம் உட்பட 1,200 கோடி டாலர் திட்டம் ஒன்றை முன்வைத்தபோது, நகர மன்றம் நிதானமாகப் பேரம் பேசியதில் என்ன குற்றம்? அப்போதும்கூடக் கதவை அடைத்துவிடவில்லை. சாலை, பாலம் போன்ற உள்கட்டமைப்புக்காகப் பெருந்தொகையைத் திரட்ட நகரம் முயன்றுகொண்டிருந்த நிலையில்தான், 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பேசிவிட்டதாக அணி அறிவித்தது.

அந்த ஆண்டு ஜூன் 13ஆம் தேதியை நான் மறக்க மாட்டேன். அணி நிர்வாகம் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டம் வருவதில்லை என்று ஊரைக் குறை சொன்னதற்குப் பதிலடியாக, ரசிகர்கள் அன்று அரங்கத்தை நிரப்ப முடிவு செய்தார்கள். நாங்களும் தாத்தாவுடன் போயிருந்தோம். 27,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி அவர்கள் எழுப்பிய குரல் அடங்கவே இல்லை. அதே நாளில், லாஸ் வேகாஸ் உள்ள நெவாடா மாநிலத்தின் மேலவை, அத்லெடிக்ஸ் அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் வழங்கும் மசோதாவை நிறைவேற்றியது; அந்த வாரமே அது சட்டமாகியும் விட்டது. நவம்பரில் பேஸ்பால் லீக்கின் அணி உரிமையாளர்கள் ஒருமனதாக வாக்களித்து இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தனர். அரங்கை நிரப்பியவர்களின் குரலுக்கு அந்த வாக்கெடுப்பில் எந்த இடமும் இல்லை.

உங்கள் நண்பர்கள் அடுத்துச் சொல்லப்போவது, அரங்கம் வந்தால் வேலை பெருகும், கடைகள் பெருகும் என்பதாக இருக்கும். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனாலும் இந்தப் பொருளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருளாதார அறிஞர்கள், இடதும் வலதுமாகப் பிரிந்து நிற்பவர்கள்கூட, அரங்கத்துக்குக் கொடுக்கும் பொதுப்பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். காரணம் எளிது. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் தொகை அநேகமாக மாறுவதில்லை. ஆட்டத்துக்குச் செலவிட்டால் உணவகத்துக்கும் திரையரங்குக்கும் செலவிடுவது குறையும். பேஸ்பால் அணி சொந்த ஊரில் ஆடுவது பருவத்துக்கு 81 ஆட்டங்கள், அமெரிக்கக் கால்பந்து அணி ஆடுவதோ எட்டு அல்லது ஒன்பது. மற்ற நாள்களில் அந்த வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி என்ன வணிகம் நடக்கும் என்பதை கொலிசியத்தின் அருகே வந்து பார்த்தால் தெரியும்.

சுற்றுலாப் பயணிகள் கட்டும் வரிதானே என்ற வாதத்தையும் கேட்பீர்கள். லாஸ் வேகாஸில் ரெய்டர்ஸ் அரங்கத்துக்குக் கொடுத்த 75 கோடி டாலர் விடுதி அறை வரியை நம்பியே ஒதுக்கப்பட்டது. ஆனால் யார் கட்டினாலும் அது பொதுக் கருவூலத்துக்கான வரவு, பள்ளிக்கும் செலவிட்டிருக்கலாம். நெவாடாவின் ஆசிரியர் சங்கம் ஒன்று இதே காரணத்தைச் சொல்லித்தான் அத்லெடிக்ஸ் நிதியை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முயன்றது. அந்த மனுவின் வாசகம் முறையாக இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் தடுத்துவிட்டது.

மிரட்டல் ஏன் பலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேஸ்பால் வணிகத்துக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அணிகளின் எண்ணிக்கை 30 என்று லீகே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அணி கிடைக்காத நகரங்கள் எப்போதும் சில இருக்கும், அவற்றைக் காட்டி அணி உள்ள நகரங்களைப் பயமுறுத்தவும் முடியும். 2024 ஏப்ரலில் மிசூரியின் ஜாக்சன் கவுண்டி மக்கள், கான்சஸ் சிட்டி அணிகளின் அரங்கங்களுக்கான விற்பனை வரியை நூற்றுக்கு 58 பேர் என்ற அளவில் நிராகரித்தார்கள். இரண்டே மாதத்தில் எல்லைக்கு அப்பால் உள்ள கான்சஸ் மாநிலம் அதே அணிகளை இழுக்கக் கடன்பத்திரச் சட்டம் இயற்றியது. இரு மாநில மக்களும் ஒரே அணியின் ரசிகர்கள், ஆனால் ஒருவரது வரிப்பணத்தை மற்றவருக்கு எதிராக ஏலம் விட வேண்டியிருக்கிறது.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் பதிவுசெய்துவிடுகிறேன். எங்கள் வீட்டு கேபிள் கட்டணத்தில் வட்டார விளையாட்டு ஒளிபரப்புக் கட்டணம் என்று தனித் தொகை ஒன்று மாதந்தோறும் வந்தது. ஆட்டமே நடக்காத குளிர்காலத்தில் அதை நீக்கும்படி கேட்டபோது, தொகுப்பிலிருந்து அதை மட்டும் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டையே பார்க்காத என் மனைவியின் தோழி வீட்டிலும் அதே கட்டணம். லீக்குகளின் வருமானத்தில் பெரும்பகுதி தொலைக்காட்சி உரிமத்திலிருந்து வருகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக் 2021இல் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கும் மேல். ஆட்டத்தைப் பார்ப்பவர், பார்க்காதவர் எல்லோரிடமும் வீட்டுக்கு வீடு வசூலாகும் இந்தப் பணம் இருக்கும்போது, சுவர் எழுப்ப மட்டும் ஊரின் கருவூலம் எதற்கு?

அணி போய்விட்டதால் ஓக்லண்டு செழித்துவிட்டதா என்று யாராவது கேட்கலாம். இல்லை. நகரம் கடுமையான நிதிப் பற்றாக்குறையில் இருக்கிறது, கொலிசியத்தில் தனக்குள்ள பாதிப் பங்கை விற்கும் நிலைக்கு வந்தது. ஆனால் அந்தப் பற்றாக்குறை அரங்கக் கடன் ஒன்றையும் புதிதாகச் சுமக்கும் நிலையில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே என் கவலை. மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பூங்காவில் 2024 முதல் பாலர்ஸ் என்ற சிறிய பேஸ்பால் அணி ஆடுகிறது. ரசிகர்களும் அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். பெரிய லீக்கின் தரத்துக்கு அது ஈடாகாது என்று தாத்தா சொல்வார், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் அவர் அட்டையும் பென்சிலுமாக என் மகனுடன் அங்கே போகிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கும் வாக்குரிமை இல்லை, கிரீன் கார்டு மட்டுமே இருக்கிறது. வந்தேறிகளுக்கு இதில் என்ன பேச்சு என்று எங்கள் ஆட்களே என்னிடம் சொன்னதுண்டு. நீங்கள் சொத்துவரியும் விற்பனை வரியும் கட்டுகிறீர்கள்; வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரரின் வரி உங்கள் வாடகையில் அடங்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் நகர மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசும் உரிமையை 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் உறுதிசெய்கிறது, பேசுபவரிடம் யாரும் குடியுரிமையைக் கேட்பதில்லை. உங்கள் மாநிலத்து விதியை நகர எழுத்தர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தால், விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், கடனின் கடைசித் தவணை எந்த ஆண்டு, அணியின் ஒப்பந்தம் முடிவது எந்த ஆண்டு, இடையில் அணி வெளியேறினால் மீதிக் கடனை யார் கட்டுவது என்ற மூன்றையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். 1995இல் எங்கள் கவுண்டியில் இதற்கு விடை எழுதப்பட்ட பிறகுதான் கடன் வாங்கியிருக்க வேண்டும்.