தன் வெற்றிக்குத் தானே பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் கல்லடியில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடும் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு நடந்த சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு முன், 11 பேரும் ஆளுக்கு 2000 ரூபா போட்டு, எங்கள் அணியே வெல்லும் என்று வெளியாள் ஒருவரிடம் பந்தயம் கட்டினோம். வென்றும் விட்டோம். இதையறிந்த கழகத் தலைவர், அடுத்த சுற்றுப்போட்டிக்கு எங்களைச் சேர்க்கப் போவதில்லை என்கிறார். தோற்பதற்குப் பணம் வாங்குவது துரோகம் என்பது எங்களுக்கும் தெரியும். வெல்வோம் என்று கட்டிய பணம் எங்களை இன்னும் முயன்று ஆடத்தானே வைக்கும்? இதில் யாருக்கு என்ன நட்டம்?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: தோற்பதற்கு வாங்கியவனையும் வெல்வதற்குக் கட்டியவனையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முழு அணியையும் ஒதுக்கிவைப்பது கடுமையான தண்டனை என்றும் எனக்குப் படுகிறது. ஆனால் தலைவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உங்கள் வாதத்தையே அமெரிக்க பேஸ்போல் வீரர் பீட் ரோஸும் முன்வைத்தார். பந்தை வெற்றிகரமாக அடித்துத் தளத்தை எட்டும் ‘ஹிட்’கள் 4256 உடன் அந்த விளையாட்டின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்றுக்கு உரியவரான அவர், சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் முகாமையாளராக இருந்த காலத்தில் பந்தயம் கட்டியமைக்காக 1989 ஆகஸ்டில் நிரந்தரமாக விலக்கப்பட்டார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் மறுத்துவந்த பின், 2004 இல் உண்மையை ஒப்புக்கொண்டபோது, தம் அணி வெல்லும் என்றே கட்டியதாகவும் ஒருநாளும் எதிராகக் கட்டியதில்லை என்றும் சொன்னார். அதை அப்படியே நம்புவோம். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்களை ஆடவேண்டிய அணியில், இன்றைய ஆட்டத்தில் பணம் கட்டியிருக்கும் முகாமையாளர், நாளைக்கென்று ஓய்வு கொடுக்கவேண்டிய பந்தெறிபவரை இன்றே இறக்கிவிடக் கூடும். அவர் கட்டாமல் விடும் நாளிலோ, இன்று அவருக்கே நம்பிக்கையில்லை என்ற செய்தி பந்தயப் பணம் பிடிப்பவரின் காதுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதை உங்கள் மைதானத்துக்குக் கொண்டுவருவோம். தோள் நோவோடு நிற்கும் பந்துவீச்சாளர் ஒருவருக்குக் கடைசி ஓவரைக் கொடுப்பதா விடுவதா என்று அணித்தலைவர் யோசிக்கும்போது, அந்தத் தோளைப் பற்றி யோசிக்கிறாரா, 22,000 ரூபாவைப் பற்றி யோசிக்கிறாரா என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியுமா? 2000 ரூபா போட வழியில்லாத பையன் ஒருவன் நன்றாக ஆடுபவனாக இருந்தால், அவனுக்கு அடுத்த முறை அணியில் இடம் கிடைக்குமா?

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்த ‘வெளியாள்’. நீங்கள் வெல்வீர்கள் என்று கட்டினால், தோற்பீர்கள் என்று எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். உங்கள் தோல்வியால் இலாபமடையும் ஒருவரை, அதுவரை அப்படி யாரும் இல்லாத ஒரு புத்தாண்டுச் சுற்றுப்போட்டிக்குள், நீங்களே கைபிடித்து அழைத்து வந்திருக்கிறீர்கள். இம்முறை அவர் 22,000 ரூபாவை இழந்தார். அடுத்த முறை, உங்கள் 11 பேரில் கடன்பட்டிருப்பவர் யார் என்று அவர் விசாரிக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

பணம் முயற்சியைக் கூட்டும் என்ற வாதமும் எனக்கு விளங்கவில்லை. நமது பகுதியான கிழக்கிலங்கையின் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் கொம்பு விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் கயிற்றைப் பிடித்து இழுக்கும் இழுவையைப் பார்த்தவர்கள், மனிதரை முழுப் பலத்தோடு முயலவைக்கப் பணம் வேண்டும் என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி: அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர்கள் லில்லியும் மார்ஷும் தங்கள் அணிக்கு எதிராகவே பந்தயம் கட்டி வென்றார்களாமே? அவர்களுக்குத் தண்டனை ஏதும் கிடைக்கவில்லையே?
– வாசகி ஒருவர், காரைதீவு

பதில்: உண்மைதான். 1981 ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்து, முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் பொலோ ஓன் முறையில் உடனே மீண்டும் ஆடிக்கொண்டிருந்தபோது, அதன் வெற்றிக்கு 500க்கு 1 (1 பவுண் கட்டினால் 500 பவுண்) என்று விலை அறிவிக்கப்பட்டது. டெனிஸ் லில்லி 10 பவுணும் ரொட் மார்ஷ் 5 பவுணும் கட்டினார்கள். இங்கிலாந்து வீரர்களான பொத்தமின் ஆட்டமிழக்காத 149 ஓட்டங்களாலும், 43 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைச் சாய்த்த வில்லிஸின் பந்துவீச்சாலும் அவுஸ்திரேலியா 18 ஓட்டங்களால் தோற்றது. இருவருக்கும் சேர்த்து 7500 பவுண் கிடைத்தது. அதைத் தடைசெய்யும் விதி அன்று இருக்கவில்லை. லில்லி அந்த டெஸ்டில் 7 விக்கெட்டுகளை எடுத்தவர். கடைசி நேரத்தில் துடுப்பெடுத்தாடி அணியைக் கரைசேர்க்கவும் பார்த்தவர். அவர் வேண்டுமென்று தோற்றார் என்று நான் எண்ணவில்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்குப் பிறகும் காரைதீவிலிருந்து நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் அல்லவா? அந்த 15 பவுண் இல்லாவிட்டால் பொத்தமைப் பற்றி மட்டுமே கேட்டிருப்பீர்கள்.

இன்று சர்வதேச கிரிக்கெட் பேரவையின் விதிக்கோவை, வெல்வதற்கோ தோற்பதற்கோ, தான் ஆடும் ஆட்டத்திலோ ஆடாத ஆட்டத்திலோ, வீரர் எவரும் கிரிக்கெட்டில் பந்தயம் கட்டுவதைத் தடுக்கிறது. தம்பியின் பெயரில் கட்டுவிப்பதும் அதே குற்றமே. ஆட்ட நிர்ணயம் (முடிவை முன்கூட்டியே பேசிவைத்து ஆடுவது) போன்ற குற்றங்களுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் தனிச் சட்டமொன்றை இலங்கை 2019 இல் நிறைவேற்றியது.

கேள்வி: சுற்றுப்போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டி, வென்றால் பணப்பரிசு பெறுகிறோம். அதுவும் நம்மேல் நாமே கட்டும் பந்தயம்தானே?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: நல்ல மடக்கு. ஆனால் அந்தக் கட்டணத்தை எல்லா அணிகளும் ஒரே அளவில், எல்லோரும் அறியக் கட்டுகின்றன. ஒரு நாள் கட்டி மறுநாள் விடுவதென்பது அங்கே இல்லை. பரிசைப் பெற வெல்வதைத் தவிர வேறு வழியுமில்லை. நீங்கள் தோற்றால் பரிசு உங்களை வென்ற அணிக்குப் போகுமேயன்றி, எல்லைக்கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவரின் சட்டைப்பைக்குப் போகாது.