‘பார்க்கலாம்’ என்பவரிடம் எப்போது கேட்பது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27. டேட்டிங் செயலி மூலம் அறிமுகமான ஒருவருடன் நான்கு மாதங்களாகப் பழகி வருகிறேன். ‘எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம், சும்மா பழகுவோம்’ என்று பேசித்தான் தொடங்கினோம். இப்போது எனக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பு வந்துவிட்டது. ஒருமுறை பட்டும் படாமலும் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்றார். வீட்டிலோ ஜாதகத்தை வெளியே கொடுத்துவிட்டார்கள். எதிர்பார்ப்புகளை எந்தக் கட்டத்தில் பேசுவது முறை? சீக்கிரம் கேட்டால் விலகிப் போய்விடுவார் என்று தோழிகள் சொல்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: நான்கு மாதம் கழிந்த பிறகு ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. ஊரறியாமல் பழகும் களவுக் காலம் இரண்டு திங்களுக்குள் முடிய வேண்டும் என்று இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூல் எல்லை வகுத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி நீங்கள் இருமடங்கு தாண்டிவிட்டீர்கள். அக்காலத் தலைவிக்கு ஒரு வசதியும் இருந்தது. ‘இப்படியே வந்து போய்க்கொண்டிருந்தால் எப்படி, மணம் பேச வருவது எப்போது’ என்று தலைவனை மறித்துக் கேட்பதைத் தோழியே பார்த்துக்கொண்டாள். அதற்கு வரைவு கடாதல் என்று பெயரும் இட்டிருந்தார்கள். உங்களுக்கு வாய்த்த தோழிகளோ கேட்காதே என்கிறார்கள்.

எதிர்பார்ப்பைப் பேசுவது என்று நீங்கள் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களைப் பற்றிய தகவல்: ஓரிரு ஆண்டுகளில் திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, வீட்டில் வரன் பார்க்கிறார்களா, ஒரே நேரத்தில் இன்னொருவருடனும் பழகுபவரை உங்களால் ஏற்க முடியுமா என்பவை. இவற்றை இரண்டாவது மூன்றாவது சந்திப்பிலேயே, காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். இதில் யாரையும் எதற்கும் கட்டிப்போடுவதில்லை. எதிரே இருப்பவர் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வழிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். மற்றொன்று, அவரிடம் வைக்கும் கோரிக்கை. அது பழகிப் பார்த்த பிறகே எழும். முதல் வாரத்தில் எழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது எழுந்துவிட்டதை அறிய நாள்காட்டி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அழைக்கக்கூடும் என்று ஊருக்குப் போகும் பயணச்சீட்டை ரத்து செய்கிறீர்களே, அன்றே எழுந்துவிட்டது. அந்த வாரமே பேசியிருக்க வேண்டும். உடல் நெருக்கம் வருவதாயிருந்தால், வேறு எவருடனாவது உறவு உண்டா என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்; அது உடல்நலம் சார்ந்தது, அதில் கூச்சத்துக்கு வேலையில்லை.

அவர் மீது நான் பெரிய குற்றம் சுமத்த மாட்டேன். சும்மா பழகுவோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டீர்கள். அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், நகர்ந்தவர் நீங்கள். நகர்ந்தது தவறில்லை, நகர்ந்ததை அவரிடம் சொல்லாமல், அவரும் கூடவே வந்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் பிழை. இதைப் படித்ததும் ‘ஏமாற்றுக்காரன், வழக்குப் போடு’ என்று எழுதப் போகும் வாசகர்களுக்கும் ஒரு சொல்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 69ஆவது பிரிவு, மணக்கும் எண்ணமே இல்லாமல் மணப்பதாக வாக்களித்து உடலுறவு கொள்வதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. வாக்கே தராமல் ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொன்னவரை அதற்குள் இழுக்க முடியாது.

அந்தப் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். கைமாற்றுக் கேட்டவரிடமும், சம்பள உயர்வு கேட்டவரிடமும், சீட்டுக் கட்டச் சொல்லி வந்த உறவினரிடமும் நாமே சொல்வதுதான். ஆனாலும் பட்டும் படாமலும் கேட்ட கேள்விக்குப் பட்டும் படாமலும்தான் பதில் வரும் என்பதால், ஒருமுறை நேராகக் கேளுங்கள். இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸப்பில் அரைப் பக்கம் தட்டி, அழித்து, மீண்டும் தட்டி, நீல டிக் விழுந்ததா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவருடைய பைக்கின் பின்னால் அமர்ந்து ஹெல்மெட்டுக்குள் கத்தவும் வேண்டாம். இருவருக்கும் விடுமுறையான ஒரு மாலையில், திருவான்மியூர் கடற்கரையிலோ வேறெங்கோ உட்கார்ந்து, ‘எனக்கு இது சும்மா பழக்கமாக இல்லை. வேறு யாரையும் பார்க்காமல், திருமணத்தை மனத்தில் வைத்துப் பழக விரும்புகிறேன். உங்களுக்கு எப்படி?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவருக்காக நீங்களே பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்’ என்று அசட்டுச் சிரிப்போடு பின்வாங்கவும் செய்யாதீர்கள். அவரே அவகாசம் கேட்டால், இரண்டு வாரம் என்று நாள் குறித்துக் கொடுங்கள். அதன் பிறகும் பார்க்கலாம் என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாதகம் வெளியே போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வாரத்துக்கு வரன் பேச்சை நிறுத்தி வைக்கும்படி அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தை முழுதும் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். இந்தக் கணக்கு முடியாமல் இருக்கும்போது, விவரம் அறியாத ஒரு குடும்பம் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுப் படியேறக் கூடாது.