அப்பா பிதாவே

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் போதகர் பிரசங்கத்தில், இயேசு ஜெபித்த ‘அப்பா’ என்ற சொல் சின்னக் குழந்தை ‘டாடி’ என்று கூப்பிடுவதைப் போன்றது என்றார். வீட்டுக்கு வந்தால் அண்ணன், “அது டாடி இல்லை, சுத்தத் தமிழ். அரமேயத்துக்கே தமிழ்தான் தாய்” என்கிறான். இரண்டில் எது சரி?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

இரண்டும் சரியில்லை. ஆனால் அண்ணனுடைய தவறு சுவாரசியமானது.

கிரேக்கத்தில் எழுதப்பட்ட மாற்கு நற்செய்தியில், இயேசு பேசிய அரமேய மொழியின் சொற்கள் அங்கங்கே அப்படியே நிற்கும். ‘தலீத்தாகூமி’, ‘எப்பத்தா’, ‘எலோயீ எலோயீ லாமா சபக்தானி’. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பொருளும் இருக்கும். வாசிக்கும்போதே இது வேற்றுமொழி என்று தெரிந்துவிடும். கெத்செமனே ஜெபத்தில் வரும் ‘அப்பா பிதாவே’யும் (14:36) அதே வகைதான். கிரேக்க மூலத்தில் ‘அப்பா’ என்ற அரமேயச் சொல், அதை ஒட்டி ‘பிதா’ என்பதற்கான கிரேக்கச் சொல். ஆனால் தமிழில் வாசிக்கிறவருக்கு இங்கே மொழி மாறியதே தெரியாது. அரமேயத்தில் நடு எழுத்து ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் ப-வின் மெல்லொலி, அதுவும் இரட்டித்து வரும். நம் எழுத்தில் அதற்குத் தனிக்குறி இல்லாததால் அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பொருள் சொல்ல வந்த ‘பிதா’தான் நமக்கு வடமொழியிலிருந்து வந்த சொல்!

சரி, உறவு உண்டா? அரமேயத்தில் ‘அப்’ என்றால் தந்தை. கடைசி ‘ஆ’, ‘இன்னார்’ என்று சுட்டிக் குறிப்பிடும் விகுதி. ‘அந்தத் தந்தை’ என்பதே சொல்லமைப்பு, விளிக்கவும் அதுவே பயன்பட்டது. கிரேக்கத்திலும் இந்த இடத்தில் சுட்டுச்சொல் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நம்முடைய ‘ஆ’வோ ‘அப்பன்’ விளியேற்று ‘அப்பா’ ஆனதால் வந்தது. ஒலி ஒன்று, வந்த வழி வேறு.

பிறகு ஏன் ஒலி ஒத்துப்போகிறது? உதடு சேர்த்துச் சொல்லும் ப, ம ஒலிகள் குழந்தை வாயில் முதலில் வருபவை. பெற்றோர் அவற்றைத் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1960-இல் வெளியான ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். துருக்கியிலும் சுவாஹிலியிலும் அப்பா ‘பாபா’. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா.

இனி ‘டாடி’. யோவாக்கிம் யெரேமியாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இது மழலையில் பிறந்த சொல் என்பதை வலியுறுத்தினார். இயேசு குழந்தையைப் போலப் பேசினார் என்ற கருத்தை அவரே பின்னாளில் திருத்திக்கொண்டார். மேடைகளில் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது. 1988-இல் ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர், ‘அப்பா என்றால் டாடி அல்ல’ என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்தவர்களும் தந்தையை அப்படித்தான் அழைத்தார்கள். எபிரேய வேதத்தில் ‘என் தந்தையே’ என்று வரும் இடங்களை அரமேயத்தில் பெயர்த்தவர்கள் ‘அப்பா’ என்றே எழுதினார்கள் என்பது அவர் வாதம். இன்னொன்றையும் சுட்டினார்: கிரேக்கத்தில் குழந்தைகள் சொல்லும் ‘பாப்பா’ போன்ற சொல் இருந்தும், நற்செய்தி எழுதியவர் அதை எடுக்கவில்லை.

எனக்கு பார் சொல்வதே சரியாகப் படுகிறது. ‘டாடி’ ஆங்கிலத்தில் வந்த சிக்கல். அங்கே ‘ஃபாதர்’ விறைப்பாகவும் ‘டாடி’ மழலையாகவும் ஒலிக்கும். நமக்கு அந்தத் தொந்தரவே இல்லை. மூன்று வயதில் கூப்பிட்ட அதே ‘அப்பா’வைத்தான் அறுபது வயதில் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்றும் சொல்கிறோம். அதில் செல்லமும் உண்டு, மரியாதையும் உண்டு. அரமேயச் சொல்லின் பொருளை ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்து கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை.

அப்புறம் ஒன்று. பவுலின் கடிதங்களில் இரண்டு இடத்தில் (ரோமர் 8:15, கலாத்தியர் 4:6) இதே ‘அப்பா பிதாவே’ வருகிறது. இவை மாற்குவுக்கு முந்தியவை, கிரேக்கம் பேசியவர்களுக்கு எழுதியவை. அவர்களும் ஜெபத்தில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது புரியாத வேற்றுமொழிச் சொல்லாக ஒலித்திருக்கும். நமக்கு அப்படி இல்லை.

அண்ணன் விடாப்பிடியாக இருந்தால் ஜார்ஜிய ‘மாமா’வைப் பற்றிக் கேளுங்கள். அதுவும் தமிழ் என்பார்.