சட்ட ஆலோசனை: “டைல்ஸ் வேலை முடித்துக் கொடுத்தேன், கான்ட்ராக்டர் பாக்கி தரவில்லை”

கேள்வி: கோவையில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் டைல்ஸ், கிரானைட் வேலையை சப் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தேன். மொத்தம் 4,72,000 ரூபாய். வந்தது 2,20,000. பாக்கி 2,52,000, அதில் 64,000 பிறகு சொல்லிச் செய்த எக்ஸ்ட்ரா வேலை. ஊர்க்காரர், அண்ணன் மாதிரி என்று நம்பினேன். மனைவியின் நகையை அடகு வைத்து ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தேன். அவரோ புதுக் கார் வாங்கிவிட்டார். கேட்டால் “வீட்டுக்காரர் எனக்கே தரலை தம்பி” என்கிறார். இப்போது 1,60,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கச் சொல்கிறார். வேலை முடிந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்கலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? கிரானைட்டைப் பெயர்த்து எடுக்கலாமா?

பதில்: நகை, கார், அண்ணன், தம்பி எதுவும் வழக்கில் வராது. மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி ஒன்றுதான். ‘இரண்டு வருடம் எட்டு மாதம்.’ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பணம் தரும் தேதி என்று எதுவும் பேசிக்கொள்ளாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களிடம் மிச்சம் இருப்பது நாலே மாதம்.

கேட்ட மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை, அவர்மேல் போக முடியாது. அதேபோல் அவர் கான்ட்ராக்டருக்குத் தந்தாரா இல்லையா என்பதும், ‘அவர் தந்தால்தான் எனக்கு’ என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, உங்கள் பிரச்சினை அல்ல. போலீஸில் மனு ரசீது தருவார்கள், இரண்டு முறை கூப்பிட்டுப் பேசுவார்கள், சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போ என்பார்கள். கிரானைட்டைத் தொட்டால் வழக்கு உங்கள்மேல் வரும். பதித்த கல் வீட்டோடு சேர்ந்துவிட்டது.

சரி, நாலு மாதத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் மேஸ்திரிகள் பாதிப் பேர் மூன்று வருடம் தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறோமே என்பார்கள். நோட்டீஸ் விட்டால் அந்த மூன்று வருடக் கெடு ஓடுவது நிற்காது. போலீஸ் மனு கொடுத்தாலும் நிற்காது. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று போனில் நூறு தடவை சொன்னாலும் நிற்காது. நடுவில் உடைந்த இரண்டு டைல்ஸை மாற்றிக் கொடுத்தீர்களே, அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம் என்றும் நினைக்காதீர்கள்.

கெடு புதுப்பிக்கப்பட வேண்டுமானால், அது முடியும் முன்பே பாக்கி இருப்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அல்லது ஒரு பகுதிப் பணம் தந்து, அது அவர் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். போன தீபாவளிக்குக் கையில் கொடுத்த 20,000 இதற்கு உதவாது. ஜிபேயில் அனுப்பியிருந்தால் வாதாடிப் பார்க்கலாம், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. செக்கில் தந்திருந்தால் உங்கள் நிலை எவ்வளவோ மேல்.

அடுத்த பள்ளம் இதைவிட ஆழம். கெடு நெருங்கும்போதுதான் கான்ட்ராக்டர் இறங்கி வருவார். என்னிடம் வந்த பெயின்டிங் ஆள் ஒருவருக்குப் பாக்கி மூன்று லட்சத்துக்கு மேல். டீக்கடை வாசலில் 40,000 ரூபாய்க் கட்டை நீட்டி, வவுச்சர் புத்தகத்தைத் திறந்து, ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டி, “ஆடிட்டருக்குக் காட்டணும், ஒரு கையெழுத்து, மீதி வெள்ளிக்கிழமை” என்றார்களாம். மேலே எழுதியிருந்தது ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’. அவர் படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பார், வீட்டில் அரிசி இல்லாத நிலை. கோர்ட்டில் அந்த ஒரு துண்டுச் சீட்டுத்தான் எதிரியின் முழு வாதமும். ஏமாற்றி வாங்கினார் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுந்தது. பணத்தின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் தாராளமாக இடம் உண்டு. அதனால்தான் அந்த வரியை எழுதி வாங்குகிறார்கள்.

வவுச்சரை நீட்டினால் உங்கள் கையாலேயே ‘ரூ. 50,000 பெற்றுக்கொண்டேன், பாக்கி ரூ. 2,02,000’ என்று எழுதுங்கள். அவரையும் அதன் கீழே தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டால் கெடுவும் புதுப்பிக்கப்பட்டுவிடும். மாட்டேன் என்றால், அவர் எதற்கு வந்தார் என்பது தெரிந்துவிடும்.

வழக்குப் போட்டால் ஜெயிப்பீர்களா? அளவெடுத்து அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 1,88,000 பாக்கிக்கு நல்ல சான்று இருக்கிறது. (அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனை விற்றுவிட்டு வருகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.) 64,000 எக்ஸ்ட்ராவுக்கு வாய்ச்சொல்தான். பாத்ரூம் வாட்டம் சரியில்லை, தட்டினால் டைல்ஸ் டொக் டொக் என்கிறது என்று அவர் பதில் மனுவில் சொல்வார். இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் சார்பில் வக்கீல் கமிஷனர் போட மனு வரும், இன்ஜினியர் வருவார், ஒவ்வொன்றுக்கும் வாய்தா. வட்டி பேசாமல் வேலை எடுத்துவிட்டு நூற்றுக்கு இரண்டு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் கிழித்துப் போடுங்கள்.

ஆகவே என் யோசனை, சமாதானம். அவர் 1,60,000 சொல்கிறார், உங்களால் உறுதியாக நிரூபிக்க முடிவது 1,88,000. 1,80,000 கேளுங்கள், 1,70,000க்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் டீக்கடையில் வேண்டாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள், கட்டணம் கிடையாது. அங்கே லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமாதானமாக முடிந்தால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். தவணை தவறினால் புது வழக்கு இல்லாமல், பணத்தை வசூலிக்க நேராக நிறைவேற்று மனு போடலாம். கணக்குத் தீர்ந்தது என்ற வார்த்தை கடைசித் தவணை உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான்.

பேச்சுக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் கொடுக்காதீர்கள். பேசிக்கொண்டிருந்த நாட்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். மூன்றாவது மாதம் முதல் வாரத்தில் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். முழுத் தொகைக்கும் கேட்டால் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 7,560 ரூபாய். அதை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.