மச்சாளோடு கதைக்கும் கர்த்தர் என்னோடு ஏன் கதைப்பதில்லை?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளிப் பக்கம் இருக்கிறேன். கணவர் ஓட்டோ ஓடுகிறார். இரண்டு பிள்ளைகள். வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதுதான் புது வருஷத்துக்கென்று சபையில் தரும் வசன அட்டையில், எரேமியா 29:11 இருந்தது. கணவர் கனடாவுக்குப் போவதுதான் கர்த்தருடைய சித்தம் என்று அன்றே நம்பிவிட்டேன். ஏஜென்சிக்கு முற்பணமும் கட்டியாயிற்று. இன்னும் ஒன்றும் நகரவில்லை. மச்சாள் என்னை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே வந்திருந்த ஊழியக்காரர் என் தலையில் கை வைத்து, இந்த வருஷத்துக்குள் கணவர் கனடா மண்ணை மிதிப்பார், ஒரு லட்சம் ரூபாய் விதைக் காணிக்கை போடு, வீட்டில் சொல்லாதே, கணவருடைய அவிசுவாசம் தடுத்துவிடும் என்றார். தாலிக்கொடியை அடைவு வைக்க யோசிக்கிறேன், ஆனால் நெஞ்சு படபடக்கிறது. மச்சாளோடு கர்த்தர் ஒவ்வொரு நாளும் கதைக்கிறாராம். எனக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை. போன மாரிக்கு மகள் டெங்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடக் கேட்கவில்லை. அந்த இரவுகளில் மச்சாளும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டுச் சைவக்கார அம்மாவும் மட்டும்தான் துணை. என் விசுவாசத்தில் குறையா? இதை நான் உங்களுக்கு எழுதியது மச்சாளுக்குத் தெரியாது. சொல்லலாமா?
— ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, தாலிக்கொடியை அடைவு வைக்காதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

முதலில் அந்த அட்டையை எடுங்கள். பிறகு வேதாகமத்தைத் திறந்து, அட்டையில் இல்லாத மற்ற வசனங்களையும் வாசியுங்கள். எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன சனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா ஆள்வசம் கொடுத்தனுப்பிய கடிதம். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு வந்த கடிதம் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாக நடந்தவர்கள் இன்னமும் எங்கள் திருச்சபைகளில் வாங்கில் இருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தில் 5ஆம் வசனம் என்ன சொல்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். 7ஆம் வசனம்: நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 10ஆம் வசனம்: எழுபது வருஷம் ஆகும். இவ்வளவும் சொன்ன பிறகுதான் உங்கள் 11ஆம் வசனம் வருகிறது, ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று. கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் தங்கள் கண்ணால் ஊரைத் திரும்பப் பார்த்திருக்கவே முடியாது. அப்படியும் அதை நம்பிக்கையின் வார்த்தையாகத்தான் எரேமியா அனுப்பினார். வன்னியில் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டவர்களைக் கண்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட நம்பிக்கை என்று தெரியும். காய்க்கும்வரை அங்கே இருப்போமா என்று அவர்களுக்கே தெரியாது.

8ஆம் வசனத்தையும் விடாதீர்கள். உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க இடம் கொடுக்காதிருங்கள் என்கிறது. உங்கள் வாக்குத்தத்தத்துக்கு மூன்று வசனம் மேலே! அட்டை அடிக்கிறவர்கள் இந்த வசனத்தை ஏன் ஒரு வருஷமாவது போடுவதில்லை என்று எனக்கு நெடுநாள் யோசனை.

ஒரு பக்கம் பின்னால் புரட்டி 28ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே அனனியா என்று ஒருவன். ஆலயத்தில், எல்லாருக்கும் முன்பாக, ‘இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும், கர்த்தர் சொல்லுகிறார்’ என்று அடித்துச் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைக் கழற்றி முறித்தும் போட்டான். எரேமியா என்ன செய்தார்? முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. நுகம் முறிந்தபோது பதில் ஒன்றும் சொல்லாமல் தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை அவருக்குப் பிறகுதான் வந்தது. அனனியா சொன்னது பொய் என்று அந்த வார்த்தை சொன்னது.

42ஆம் அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. பயந்துபோன சனங்கள் எகிப்துக்கு ஓடலாமா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும்படி எரேமியாவைக் கெஞ்சுகிறார்கள். பதில் வரப் பத்து நாள் ஆகிறது. எரேமியாவுக்கே பத்து நாள்! உங்கள் தலையில் கை வைத்தவருக்கோ கையை எடுக்குமுன்னே வருஷமும் நாடும் தொகையும் வந்துவிட்டன.

வெளிநாடு போவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கோவில்களுக்கு ஓடு மாற்றியதிலும் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டிடம் எழுப்பியதிலும் ரொறன்ரோக் காசும் லண்டன் காசும் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கணவர் போவதா விடுவதா என்பது நீங்கள் இரண்டு பேரும் இருந்து கதைத்து முடிவெடுக்கவேண்டிய குடும்ப விஷயம். நான் பயப்படுவது ‘வீட்டில் சொல்லாதே’ என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான். சாமுவேலின் கதையை யோசியுங்கள். பொடியனுக்குக் கூப்பிட்ட சத்தம் யாருடையது என்று தெரியவில்லை. மூன்று தரமும் ஆசாரியர் ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிய அந்தக் கிழவர்தான் இது கர்த்தர் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். கடைசியில் வந்த செய்தியோ ஏலியின் சொந்தக் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. அதையும் மறைக்காமல் சொல்லு என்றுதான் கேட்டார். கேட்க உதவியவருக்கு அதனால் ஒரு சதம் லாபமில்லை. உங்களுக்கு வந்த செய்தியில் லாபம் யாருக்கு என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். சோதித்துப் பார்க்கச் சொன்னதும் வேதம்தான், 1 தெசலோனிக்கேயர் 5:21. சோதிப்பதை அவிசுவாசம் என்கிறவரிடம் அந்த வசனத்தைக் காட்டலாம்.

கத்தோலிக்கர் மதிக்கும் புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு விதி வைத்தார்: மனம் இருண்டு கலங்கிக் கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த வேளையில் எடுத்த முடிவை மாற்றாதே. நாங்கள் வேறு சபை என்று அதைத் தள்ளவேண்டியதில்லை. உங்கள் நெஞ்சின் படபடப்பு அடங்கும்வரை நகைப்பெட்டி பூட்டியே இருக்கட்டும்.

இனி, சத்தம் கேட்கவில்லை என்ற உங்கள் பெரிய வருத்தம். ரூத்தின் புத்தகத்தை ஒரே இருப்பில் வாசித்துவிடலாம், நாலே அதிகாரம். அதில் கர்த்தர் ரூத்தோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சொப்பனமில்லை, தூதனில்லை. விதவையான மருமகள் மாமியைத் தனியே விட மனமில்லாமல் கூடப் போகிறாள், வயலில் கதிர் பொறுக்குகிறாள், பொழுதுபட மாமிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்த வீட்டில்தான் தாவீதின் பாட்டன் பிறக்கிறான். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்துத்தான் ஜெபித்து வருகிறோம். விசுவாசக் குறை என்று சொல்லுகிறவர்கள் ஒருதரம் நவாலிக்குப் போய்வரட்டும். 1995 ஜூலை 9ஆம் திகதி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோவிலை நம்பி ஓடியவர்கள் அவர்கள். அந்தச் சனத்துக்கு விசுவாசம் காணாது என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

மகளின் டெங்கு பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்தில் பெரிய விஷயமாகப் பட்டது அதுதான். இரவில் ஆஸ்பத்திரியில் கண் முழித்து நின்றது மச்சாள். கஞ்சி காய்ச்சித் தந்தது பக்கத்து வீட்டு அம்மா. ‘கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதிய அதே கையால் இந்த இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கஞ்சிக்கு நன்றி சொல்லி ஜெபித்தீர்களோ தெரியாது. இன்றைக்குச் சொல்லுங்கள். மச்சாள் கேட்கும் சத்தத்தை நான் பரிகாசம் பண்ணமாட்டேன். அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அவவுடைய ஜெபத்தை எனக்குக் காட்டியது ஆஸ்பத்திரியில் அவ நின்ற அந்த இரவுகள்தான்.

அமைதி வேண்டுமென்றால் ஒருநாள் மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள். ஒன்றும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

அலுவல்கள் சில மிச்சம் உண்டு. இன்றிரவு பிள்ளைகள் நித்திரையானதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஊழியக்காரர் திரும்பக் கேட்டால், ‘இவரோட கதைச்சு, எங்கட சபை ஐயரிட்டையும் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேலைக்கென்று சொல்லித்தான் ஏஜென்சி காசு வாங்கியதென்றால், அதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் இந்தக் கிழமையே போய் எழுதி வாங்குங்கள். தனியாகப் போகவேண்டாம், கணவரும் வரட்டும்.

மச்சாளுக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவவையும் கூட்டிவைத்து எரேமியா 28, 29 இரண்டையும் சத்தமாக வாசியுங்கள். அவவும் அந்தக் காணிக்கை போட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.